ஞாயிறு இறங்கிய வள்ளம்

நெல்லியடி,
8.10.2024

மாமாவுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், எனக்குத் தெரியும். போனில் என் நம்பரை மறித்து வைத்திருக்கிறீர்கள். வாசலுக்கு வந்தால் நாயை அவிழ்த்து விடுவேன் என்று போன வருடமே சொல்லிவிட்டீர்கள். தபால்காரரை உங்கள் நாய் கடிக்காது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

உங்கள் மகன் ஜெரிசன் மறியலில், கம்பிக்குப் பின்னால் இருக்கிறார். என் புருஷன் என்று எழுதாமல் உங்கள் மகன் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். போன மாதம் இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிறு விடியப்புறம், வல்வெட்டித்துறையில் செபநாயகம் முதலாளி மீன் வாங்கி வைக்கிற வாடி எரிந்தது. காவலுக்குப் படுத்திருந்த சோமசேகரம் ஐயா உடம்பெல்லாம் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்து இவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் வேறு ஆளுக்கு மீன் கொடுத்தார் என்று, கடனுக்குத் தந்த எங்கள் படகின் இயந்திரத்தை முதலாளி கழற்றிக்கொண்டு போனது உண்மை. அதற்கு இவர் சந்தையில் வைத்து, "உம்மடை வாடி எரிஞ்சு சாம்பலாப் போகும்" என்று வாய் விட்டதும் உண்மை. அந்த வாயை நான் ஐந்து வருடமாகக் கட்டிப் பார்க்கிறேன், முடியவில்லை.

ஆனால் இவர் எரிக்கவில்லை. அன்றைக்கு இவர் வல்வெட்டித்துறையிலேயே இல்லை. இயந்திரம் இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது என்று, மோட்டார்சைக்கிளில் குருநகருக்கு வந்து, செத்துப்போன மாமியின் சின்ன வள்ளத்தை இறக்கிக்கொண்டு கடலுக்குப் போனார். பொலிசுக்கும் அதைத்தான் சொன்னார். அது மெய்யா என்று கேட்கத்தான் பொலிஸ் உங்களிடம் வந்தது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? எங்கள் லோயர் பிரதீபா எனக்கு வாசித்துக் காட்டினா: "எங்கடை கரையிலை ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வள்ளம் இறக்கிறதில்லை."

ஒரே ஒரு வசனம். கத்தி கூட இப்படி வெட்டாது.

நேற்று இவரைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "நான் வள்ளத்தைத் தள்ளேக்கை அப்பா பூசைக்குப் போய்க்கொண்டிருந்தவர். என்னைக் கண்டவர். கண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு போட்டார்."

கண்டீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜெனிற்றா


யேசு மரி சூசை

குருநகர்,
12.10.2024

ஜெனிற்றாவுக்கு,

கடிதத்தில் குரல் கேட்காது. அதனால் முழுவதும் வாசித்தேன்.

பொலிஸ் வந்தது உண்மை. ஜீப்பை ஒழுங்கை வாசலில் விட்டார்கள், அயல் முழுக்க எட்டிப் பார்த்தது. அருட்பிரகாசத்தின் வீட்டுக்கு அறுபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பொலிஸ் வந்தது. அந்தப் பெருமையும் உன் புருஷனால்தான். பொலிஸ் பெரியவர் சிங்களத்தில் கேட்க, கூட வந்த தமிழ்ப் பொலிஸ்காரர் திருப்பிச் சொன்னார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்கள். நானும் கொடுக்க நினைக்கவில்லை.

"மகனோடை கதைக்கிறேல்லையோ?"

"இல்லை."

"எப்ப தொடக்கம்?"

"தாய் செத்த நாள் தொடக்கம்."

"கோவமோ?"

"கோவம் இல்லை. அவன் எனக்குச் செத்துப்போனான்."

பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு ஏதோ சொன்னார். மற்றவர் அதைத் தமிழில் சொன்னார்: "பகையா இருக்கிற தேப்பன் மகனுக்காகப் பொய் சொல்ல மாட்டார், அதாலை உங்கடை சொல்லை நாங்கள் நம்புவம் எண்டு ஐயா சொல்லுறார்." உள்ளதைச் சொன்னால், எனக்கு அது பெருமையாக இருந்தது. கன காலத்துக்குப் பிறகு ஒருவர் என் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் கோயில் பங்கில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. என் அப்பு காலத்திலும் இறங்கவில்லை, பசி கிடந்த காலத்திலும் இறங்கவில்லை. பொலிஸ் கரை முழுக்கக் கேட்டது, எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவன் எங்கள் கோயிலை விட்டு வந்து சேர்ந்த உங்கள் சனிக்கிழமைச் சபைக்காரருக்கு ஞாயிறு வேலை நாள் என்றால் அது உங்கள் பாடு. எங்கள் ஆட்களைப் பற்றிக் கேட்டார்கள், எங்கள் ஆட்களைப் பற்றிச் சொன்னேன். அவன் எங்கள் ஆள் இல்லையே.

கண்டீர்களா என்று கேட்கிறாய். நான் உன்னை ஒன்று கேட்கிறேன். உன் மாமி றோஸின் சவப்பெட்டி கோயிலுக்குள் போனபோது அவன் எங்கே நின்றான்? மதிலுக்கு வெளியே. செத்தவர்களுக்குச் செபம் செய்வது வேதத்தில் இல்லையாம். பெற்ற தாய்க்கு ஒரு மெழுகுதிரி பிடிக்கக் கை வரவில்லை. ஒரே மகன். பெட்டியின் நாலாவது மூலைக்கு ஆள் இல்லாமல் நான் நின்று முழிசுகிறேன், முழுப் பங்கும் பார்க்கிறது. கடைசியில் செபநாயகம் வந்து தோள் கொடுத்தான். வாடி எரிந்ததே, அதே செபநாயகம்தான். அந்தத் தோளை நான் மறக்க மாட்டேன். வெளியில் நின்றவனையும் மறக்க மாட்டேன்.

அருட்பிரகாசம்


நெல்லியடி,
17.10.2024

மாமாவுக்கு,

சோமசேகரம் ஐயா நேற்றுப் பின்னேரம் செத்துப்போனார். இனி இது நெருப்பு வைத்த வழக்கு இல்லை, கொலை வழக்கு. சந்தோசமா?

ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பொலிஸ்காரர் தலையாட்டியதைக் கூட எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி இல்லை. காணவில்லை என்று எழுத ஒரு சொல் போதும். அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை, ஏனென்றால் நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள். அவ்வளவு நல்ல மனிதர்! உண்மையைச் சொல்லியே பெற்ற பிள்ளையைக் கொல்லக்கூடிய நல்ல மனிதர்.

பெட்டிக் கதைக்கு வருகிறேன். உள்ளே போங்கோ, தாய்தானே, கர்த்தர் கோவிக்க மாட்டார் என்று நானே இவரைப் பிடித்துத் தள்ளினேன். போகவில்லை. மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். ஒன்று சரி என்று பிடித்தால் தாய் செத்தாலும் விட மாட்டார். இந்தப் பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது மாமா? என் தகப்பன் வீட்டிலிருந்தா வந்தது? கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள்.

முதலாளி தோள் கொடுத்தார் என்று உருகுகிறீர்கள். அதே மனிதர்தான் இவருடைய பெயரைப் பொலிசுக்கு முதலில் கொடுத்தவர். தோளுக்குத் தோள் கணக்குச் சரியாகிவிட்டது.

பிள்ளை ஜெசிதாவுக்கு நாலு வயது. அப்பா கடலில் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி எத்தனை நாளைக்குச் சொல்லலாம்? இவருக்குத் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தால், அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருவேன். நாயை அவிழ்த்து விடுங்கள். உன் அப்பாவை உள்ளே போட்ட கிழவன் இவர்தான், முகத்தை நல்லாப் பார்த்து வைச்சுக்கொள் என்று காட்டிவிட்டுத்தான் திரும்புவேன்.

கண்டீர்களா, இல்லையா?

ஜெனிற்றா


யேசு மரி சூசை

குருநகர்,
21.10.2024

ஜெனிற்றாவுக்கு,

சோமசேகரத்தின் ஆத்துமா இளைப்பாறட்டும். அந்த மனிதனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். அவர் சைவம் என்றாலும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

ஓம், கண்டேன்.

முதல் பூசைக்குப் போகிற வழி. கரையில் குஞ்சு குருமன் இல்லை. ஒரு வள்ளம் மட்டும் அசைகிறது. ஆரடா உது என்று பார்க்கிறேன், றோஸின் வள்ளம். அவள் சீதனமாகக் கொண்டுவந்த வள்ளம். தள்ளுகிறவன் அவள் பெற்றவன். கோயில் மணி அடிக்கிறது, இவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிறான். தாயின் பெட்டியைத் தூக்காத கை, அவளுடைய வள்ளத்தைத் தொடுகிறது. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. என்னைக் கண்டு நிமிர்ந்தான். நான் திரும்பிக் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு நற்கருணை எடுக்கவில்லை. அவ்வளவு ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நாக்கை நீட்டக் கூடாது.

அவன் வாடியை எரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லுவேன். ஆனால் சும்மா சொல்ல மாட்டேன்.

வருகிற இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாள். பங்குச் சனம் முழுக்கச் சவக்காலையில் நிற்கும். அவனால் வர முடியாது. அவனுக்குப் பதிலாக நீ வா. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. றோஸின் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நின்று மெழுகுதிரி கொளுத்து. எல்லாரும் பார்க்க வேண்டும். றோஸின் பெட்டி போன அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொருவனும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் நான் பொலிசுக்குப் போவேன்.

இதற்குப் பெயர் பழிதான். வேறு நல்ல பெயர் தேட வேண்டாம்.

அருட்பிரகாசம்


நெல்லியடி,
26.10.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு அடுப்பில் போட்டேன். புட்டு அவிந்தது.

பிறகு இவரிடம் போய்ச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "நீ அங்கை முழங்காலிலை நிண்டா எனக்குப் பொஞ்சாதி இல்லை! நான் உள்ளுக்குள்ளையே கிடந்து சாகிறன். அந்த மனிசனுக்குக் கடைசி வரைக்கும் தான் வெல்ல வேணும்." காவலர் வந்து இழுத்துக்கொண்டு போனார். அவர் சொன்னது சரி. உங்களுக்கு வெல்லத்தான் வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் வென்றுகொண்டே இருங்கள், நடுவில் பிள்ளைக்குச் சோறு வைக்கிறது நான்.

இரண்டாம் திகதி சனிக்கிழமை. எங்கள் சபை கூடுகிற நாள். அந்த நாளில் நான் கோயில் சவக்காலையில் நின்றால் சபையில் என்னைச் சேர்ப்பார்களோ தெரியாது. பாஸ்டரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார், பிறகு அவர் சொல்லையும் மீற வேண்டி வரும்.

வருகிறேன். முழங்கால் உங்களுக்கு, எடுத்துக்கொள்ளுங்கள். மனம் இல்லை. மாமி நல்ல மனுசி, அவவுக்கு நான் ஆயிரம் தரம் முழங்காலில் நிற்பேன். அவவை வைத்து என்னை வாங்குகிறீர்களே, அதைத்தான் நான் சாகும்வரை வைத்திருப்பேன். திங்கட்கிழமை நீங்கள் போகாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதவில்லை. எனக்கே இன்னும் தெரியாது.

ஜெனிற்றா


யேசு மரி சூசை

குருநகர்,
6.11.2024

ஜெனிற்றாவுக்கு,

நீ வந்தாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் வாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செபநாயகம் தன் தாயின் கல்லறைக்கு வந்தவன், அவனும் பார்த்தான். என் மனம் குளிர்ந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது. பிள்ளை பிறந்தநாள் என்று நினைத்து மெழுகுதிரியை ஊதி அணைக்கப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போனேன். மத்தியானம் வரைக்கும் வாங்குப் பலகையில் இருத்தி வைத்தார்கள். அதே பெரியவர். அதே தமிழ்ப் பொலிஸ்காரர். என் மகனை ஞாயிறு விடிய எங்கள் கரையில் கண்டேன் என்று சொன்னேன்.

"போன மாசம் மகன் செத்துப்போனான் எண்டனீர்?"

"ஓம்."

"சனிக்கிழமை மருமகள் வந்து முழங்காலிலை நிண்டவவாம். பேத்தியும் வந்ததாம்."

"ஓம்."

"அப்ப இண்டைக்கு மகன் உயிரோடை எழும்பிட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். செபநாயகம் எனக்கு முன்னமே போய், குடும்பம் சேர்ந்துவிட்டது, கிழவன் இனி மகனுக்காக எதையும் சொல்லுவான் என்று சொல்லி வைத்திருக்கிறான். தோள் கொடுத்தவன்! "பகையா இருக்கேக்கை சொன்னீரே, அதுதான் எங்களுக்குச் சாட்சி. சேந்த பிறகு சொல்லுறதை ஆர் நம்பிறது?" என்று பெரியவர் கேட்டார். நாங்கள் சேரவில்லை ஐயா, சத்தியமாக இன்னும் பகைதான், அவளைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். நான் சொன்னதை எழுதிக்கூட எடுக்கவில்லை.

றோட்டுக்கு வந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் நின்றேன். நான் கேட்டது எனக்குக் கிடைத்தது, அதுவே என் வாயை அடைத்துவிட்டது. முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருத்தனும் சிரித்திருக்க மாட்டான். இனி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அருட்பிரகாசம்


நெல்லியடி,
10.11.2024

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நடு வீட்டில் இருந்து சிரித்தேன். என் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தா. சபையில் என்னை இப்போது கடைசி வரிசையில் இருத்துகிறார்கள், இவர் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறார், எல்லாம் நீங்கள் மனம் குளிர்வதற்காக. அந்தக் குளிர் இவரைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கும்.

ஆனால் சவக்காலையில் எனக்கும் ஒன்று கிடைத்தது. உங்கள் பக்கத்து வீட்டு அற்புதராணி அக்கா வாசலில் வைத்து என் கையைப் பிடித்தா. "உன்ரை மாமனுக்கு என்ன விசரோ தெரியாது பிள்ளை. திங்கக்கிழமை விடிய மாமியின்ரை வள்ளத்தைக் கோடாலியாலை கொத்திப் பிளந்துபோட்டார். ஏனண்ணை எண்டு கேட்டா, ஞாயிற்றுக்கிழமை தண்ணி கண்ட வள்ளம் எனக்கு வேண்டாம் எண்டு கத்திறார்."

எந்தத் திங்கட்கிழமை என்று கேட்டேன். வாடி எரிந்த அடுத்த நாள். இவரைப் பிடித்தது செவ்வாய்க்கிழமை.

அப்படியென்றால் வழக்கு, பொலிஸ், நான், என் முழங்கால், ஒன்றும் வருவதற்கு முன்னமே நீங்கள் இவரைக் கண்டிருக்கிறீர்கள். பாசத்தில் சொல்கிறீர்கள் என்று எவனும் சொல்ல முடியாது. பாசத்தில் எவன் வள்ளத்தைக் கொத்துவான்? உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதன் பெறுமதி விளங்கிப் பிரதீபாவிடம் ஓடினேன். தெரிந்ததைப் பொலிசுக்கு மறைப்பது குற்றம், உங்களையும் மறியலில் போடலாம் என்று சொன்னா. சொல்லிவிட்டு, "நல்லா யோசிச்சுச் செய்யும், பிள்ளையின்ரை அப்பப்பா" என்றா. யோசித்தேன். பஸ் வரும்வரைக்கும் யோசித்தேன்.

முந்தநாள் உங்கள் மீது முறைப்பாடு கொடுத்துவிட்டேன். பழி தீர்க்க உண்மையை மறைத்தார், விலை பேசி என்னை முழங்காலில் நிறுத்தினார் என்று சொன்னேன். அற்புதராணி அக்காவும் வந்து வாக்குமூலம் கொடுத்தா. பிளந்த வள்ளத்தை வந்து பார்ப்பார்கள். உங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணமும் இல்லை.

கூப்பிடுவார்கள். போங்கள். போய் இளகி நிற்காதீர்கள். மகன், பேத்தி என்று கண்ணைத் துடைத்தீர்களோ, எல்லாம் கெட்டுப்போகும். எனக்கு எழுதின மாதிரியே அங்கேயும் கதையுங்கள். அது உங்களுக்கு நல்லா வரும்.

ஜெனிற்றா


யேசு மரி சூசை

குருநகர்,
15.11.2024

ஜெனிற்றாவுக்கு,

ஜீப் இரண்டாம் தரமும் வந்தது. இந்தத் தரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அயல் முழுக்க நேரே வாசலுக்கே வந்துவிட்டது.

வள்ளத்தைப் படம் எடுத்தார்கள். கோடாலியைக் கொண்டுபோனார்கள். பெரியவர் கேட்டார், "மருமகள் சொல்லுறது உண்மையோ?" நான் ஒன்றையும் குறைக்கவில்லை. ஓம், கண்டேன். ஓம், மறைத்தேன். அவன் உள்ளே கிடந்து நாறட்டும் என்றுதான் மறைத்தேன். தாய்க்குத் தோள் கொடுக்காதவனுக்கு நான் ஏன் வாய் கொடுக்க வேண்டும்? அவள் ஒரு வாய்க்காரி, என்னைக் கம்பி எண்ண வைக்காமல் ஓய மாட்டாள் என்று உன்னையும் நல்லாக ஏசினேன். நீ சொல்லித் தந்ததற்காக ஏசவில்லை. மனதாரத்தான் ஏசினேன். நடுவில் ஒரு இடத்தில் பேத்தியின் பேர் வாய்க்கு வந்தது. இருமி விட்டேன்.

இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வரும்போது தமிழ்ப் பொலிஸ்காரர் மெதுவாகச் சொன்னார், "உங்கடை மகன்ரை வழக்கு வாற மாசம் மூண்டாந் திகதி. இனி அவரிலை பெரிசா ஒண்டும் நிக்காது."

என் வழக்கு வருகிற திங்கட்கிழமை. நீதவான் என்னையும் மூன்றாம் திகதி வரைக்கும் அவன் கிடக்கிற அதே மறியலில் போடக்கூடும் என்று பிரதீபா சொன்னா. அந்தப் பிள்ளை எனக்காகப் பிணை கேட்கிறேன் என்றா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாயை அற்புதராணி பார்த்துக்கொள்வா.

உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம், அதைக் கேட்டு எழுதவும் வேண்டாம். ஒரு காரியம் மட்டும் செய். நான் அங்கே வருகிறேன் என்று அவனுக்கு முன்கூட்டிச் சொல்லாதே. தாயின் பெட்டிக்கு ஏன்ரா நீ தோள் குடுக்கேல்லை என்று அவனுடைய முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு இன்னும் ஒரு நாள் வாய்க்கவில்லை. கேட்கப் போனால் எழும்பிப் போய்விடுவான். அந்தக் கட்டிடத்துக்குள் அவன் எழும்பிப் போக ஒரு இடமும் இல்லை. எனக்கும் இல்லை.

அருட்பிரகாசம்